நிறுத்திவைத்த காரில் பேட்டரி இறங்குகிறதா? கசிவைக் கண்டுபிடிக்கும் முறை

இரவு நன்றாக ஓடி வந்து நின்ற கார். இரண்டு நாள் கழித்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒற்றைச் சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டால் எடுக்கிறது, ஓடுகிறது. மறுபடி இரண்டு நாள் நின்றால் பழைய கதைதான். இந்த இடத்தில் பெரும்பாலானோர் நேரே கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். பழையது உண்மையிலேயே செத்திருந்தால் அது சரியான முடிவு. வண்டிக்குள் எங்கோ கரண்ட் கசிந்துகொண்டிருந்தால் புதியதும் இறங்கும். கார் பேட்டரி அடியோடு காலியாவதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. நாலைந்து முறை அப்படி ஆனால் புது பேட்டரியும் பாழ்.

ஆகவே வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 10-ஆம் நம்பர் ஸ்பேனர், இரு முனையிலும் குரோக்கடைல் கிளிப் வைத்த, ஒரு அடி நீளமுள்ள தடிமனான வயர் (2.5 சதுர மி.மீ. போதும்), ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச், இன்சுலேஷன் டேப். இவற்றோடு ஒரு விடுமுறை நாளின் காலை நேரம்.

எவ்வளவு கசிந்தால் தவறு?

நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். கடிகாரம், ரேடியோவின் நினைவகம், ரிமோட்டைக் காத்திருக்கும் சென்ட்ரல் லாக், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி எல்லாம் சாவியை எடுத்த பிறகும் துளித்துளியாய்க் குடிக்கின்றன. 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் கவலை வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த பெரிய வண்டிகளில் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக்குகளில் வருவது பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர் (கணக்குப்படி 1 ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரும்) பேட்டரி. அதில் பாதி, அதாவது சுமார் 17 ஆம்பியர்-அவர் போய்விட்டால் செல்ஃப் மோட்டார் தடுமாற ஆரம்பிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 30 மில்லி ஆம்பியர் கசிவு ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவரை எடுக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் தாங்கும். கசிவு 300 மில்லி ஆம்பியராக இருந்தால் ஒரு நாளைக்கு 7.2, இரண்டரை நாளில் கதை முடியும். டிக்கிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர், அது இரண்டு நாள்கூடத் தாங்காது. பின்னால் இரண்டு பிரேக் விளக்குகளும் எரிந்துகொண்டே இருந்தால் 3.5 ஆம்பியர், ஐந்து மணி நேரம் போதும்.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். உங்கள் வண்டி எத்தனை நாளில் படுக்கிறது என்பதை வைத்தே கசிவு ஏறத்தாழ எவ்வளவு என்று ஊகித்துவிடலாம். மூன்று வாரம், ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்து படுத்தால் வண்டியில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். ஊருக்குப் போகிறவர் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் போதும்.

முதல் சந்தேகம் பேட்டரி மேலேயே இருக்கட்டும்

கசிவைத் தேடுவதற்கு முன், பேட்டரி தன் சார்ஜைத் தானே வைத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைத் தாண்டிவிட்டு நேரே வயரிங்குக்குள் நுழைகிறவர்கள் இல்லாத கசிவைத் தேடி அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் வேகம் போதும். காலியான பேட்டரி என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜம்பர் போட்டு எடுத்து அரை மணி நேரம் ஓட்டினால் நிறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

ஏற்றி முடித்ததும் உடனே அளந்தால் பொய்யான உயர்ந்த எண் காட்டும். நாலைந்து மணி நேரம் சும்மா விடுங்கள். அதன் பிறகு டிசி 20 வோல்ட் நிலையில் மீட்டரை வைத்து அளக்கும்போது 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் வந்தால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. 11.8-க்குக் கீழே போனால் காலி.

இப்போது நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, பேட்டரியைக் காரிலிருந்து முழுதாகப் பிரித்து இரண்டு நாள் வையுங்கள். காரோடு தொடர்பே இல்லாமல் 12.6 என்பது 12.3-க்கு வந்துவிட்டால் குற்றவாளி பேட்டரிதான்; உள்ளே ஒரு செல் போய்விட்டது. மூடி திறக்கும் வகையாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து செல் 1.250-இல் நிற்க, ஒன்று மட்டும் 1.200-க்குக் கீழே தொங்கினால் வேறு சோதனையே வேண்டாம். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் தட்டுகள் மூழ்கும் அளவுக்கு.

இன்னொரு சின்ன சோதனை. மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவ் துருவத்தில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் மேற்பரப்பில், பிளாஸ்டிக் மீதே, இழுத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆசிட்டும் தூசியும் கலந்த படலம் வழியே கரண்ட் ஊர்கிறது என்று பொருள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்துத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். சோடா தண்ணீர் மூடித் துளைகள் வழியே உள்ளே இறங்கக் கூடாது.

பேட்டரி தேறிவிட்டால் மறுபடி மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது யாரையாவது மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். 12.5-லேயே நின்றால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை. அது கசிவு அல்ல, வேறு நோய். புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்தக் கணினியே டைனமோவை அவ்வப்போது அடக்கி வைக்கும். அதனால் ஹெட்லைட்டையும் ஏசி ஃபேனையும் போட்டுவிட்டு இன்னொரு முறை பார்த்த பிறகே டைனமோவைக் குறை சொல்லுங்கள்.

மீட்டர் எடுப்பதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டியவை

கம்பெனியில் போட்டு வந்த வயரிங் தானாகக் கெடுவது குறைவு. பிறகு போட்டவைதான் பெரும்பாலும் வம்பு செய்கின்றன. பானெட்டைத் திறந்து பாசிட்டிவ் டெர்மினலைப் பாருங்கள். தடிமனான கேபிள்களோடு, நடுவில் ஃபியூஸ் தொங்கும் மெல்லிய வயர் ஏதாவது சேர்த்து முறுக்கப்பட்டிருக்கிறதா? அது எங்கே போகிறது என்று தொடர்ந்து போங்கள். ஏர்-ஹாரன், ஃபாக் லேம்ப், ஆம்ப்ளிஃபயர், டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர் என ஏதாவது ஒன்றில் போய் முடியும்.

வெளியே வாங்கிப் போட்ட ஸ்டீரியோவில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. அதில் மஞ்சள் வயர் எப்போதும் சப்ளை வரும் லைனுக்கும், சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டும் சப்ளை வரும் லைனுக்கும் போக வேண்டும். சாவி லைனைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் போட்டுவிட்டால், திரை அணைந்திருந்தாலும் உள்ளே செட் விழித்தே இருக்கும். ஆம்ப்ளிஃபயரில் நீலமும் வெள்ளையும் கலந்த ரிமோட் வயரை நேரடி சப்ளையில் இணைத்திருந்தாலும் இதே கதி.

டேஷ்கேமில் 'பார்க்கிங் மோடு' போட்டிருந்தால் அது இரவெல்லாம் படம் பிடிக்கும். அதற்கான கிட்டில் குறைந்த வோல்ட்டில் தானே அணையும் வசதி இருந்தால் 12.2-க்கு மேல் அமைத்து வையுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் சோதனைக் கருவி மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகிவைத்த புளூடூத் கருவி, சாவி எடுத்த பிறகும் சப்ளை வரும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மறந்துபோன சார்ஜர், இரண்டையும் பிடுங்கிப் பாருங்கள். மஞ்சள் போர்டு வண்டிகளில் இருக்கும் ஏஐஎஸ்-140 டிராக்கரும் வண்டி நிற்கும்போது கரண்ட் எடுக்கக்கூடியதுதான். ஆனால் அதைக் கழற்றிப் போடாதீர்கள், வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கும்போது சிக்கல் வரும். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைச் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. அதற்கு வண்டியிலிருந்து ஒரு வயர்கூடப் போகவில்லை.

அடுத்தது விளக்குகள். இரவில் வண்டியைப் பூட்டிவிட்டு ஒரு சுற்று வாருங்கள். பிரேக் விளக்கு எரிகிறதென்றால் பெடலுக்கு மேலே ஸ்விட்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கட்டை உதிர்ந்துபோயிருக்கும். கால்மிதியில் பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால் அதுவே சாட்சி. உதிரி பாகக் கடையில் அந்தக் கட்டை மட்டும் தனியாகக் கிடைக்கும், விலையும் அற்பம். டிக்கி விளக்கையும் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கையும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். சன்வைசர் கண்ணாடி விளக்கை மறந்துவிட வேண்டாம்.

மீட்டரை மாட்டும் முறை

மோதிரம், உலோக வாட்ச், வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஹைபிரிட் வண்டியாக இருந்தால் ஆரஞ்சு நிற வயர்கள் பக்கமே போகக் கூடாது. நாம் பேசுவது 12 வோல்ட் பேட்டரியை மட்டும்.

வேலை எப்போதும் நெகட்டிவ் பக்கத்தில்தான். பாசிட்டிவ்வைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டால் நேரடி ஷார்ட். நெகட்டிவ்வில் பட்டால் ஒன்றும் ஆகாது, உடம்பும் நெகட்டிவ்தானே.

மீட்டரில் சிவப்பு வயரை '10 ஆம்பியர்' துளைக்கு மாற்றுங்கள், குமிழையும் அங்கே திருப்புங்கள். மில்லி ஆம்பியர் துளையில் போட்டால் வண்டி ஒருமுறை விழித்தாலே மீட்டருக்குள் இருக்கும் சிறிய ஃபியூஸ் போய்விடும். விலை குறைந்த மஞ்சள் நிற மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பாதுகாப்பு ஃபியூஸே இருக்காது. மீட்டர் மாட்டியிருக்கும்போது எக்காரணம் கொண்டும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் கருகிவிடும்.

இனி வரிசை மாறாமல்:

1. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிடுங்கள். வண்டி பூட்டிக்கொண்டாலும் உள்ளே கை போகும். டிக்கியில் மின்சாரப் பூட்டு இருந்தால் அதையும் திறந்து வையுங்கள்.

2. ஃபியூஸ் பாக்ஸுக்குப் போகும் கதவைத் திறந்து, கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். கதவு திறந்திருந்தாலும் வண்டி மூடியிருப்பதாக நினைக்கும். டிக்கிக்கும் அப்படியே. பானெட்டுக்கு ஸ்விட்ச் இருந்தால் அதை அழுத்தி டேப் ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். மறந்து அறைந்து சாத்தினால் பூட்டு வளைந்துவிடும்.

3. நெகட்டிவ் டெர்மினலைத் தளர்த்துங்கள், ஆனால் எடுக்காதீர்கள். கிளிப் வயரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் துருவத்திலும் மறுமுனையைக் கேபிளின் கிளாம்ப்பிலும் கவ்வவிடுங்கள். அதன் பிறகு கிளாம்ப்பை மேலே தூக்குங்கள். இப்போது கரண்ட் கிளிப் வயர் வழியாகப் போகிறது. வண்டிக்கு இணைப்பு அறுந்ததே தெரியாது.

4. மீட்டரின் கறுப்பு முனையைத் துருவத்திலும் சிவப்பு முனையைக் கிளாம்ப்பிலும் பிடிக்க வையுங்கள். கிளிப் வயர் அப்படியே இருக்கட்டும்.

5. ரிமோட்டால் பூட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு பத்து மீட்டருக்கு அப்பால் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமலே திறக்கும் வண்டிகள், சாவி பக்கத்தில் இருந்தால் விழித்துக்கொண்டே இருக்கக்கூடும்.

6. ஒரு மணி நேரம் கழித்து வந்து, கிளிப் வயரை மட்டும் எடுங்கள். இப்போது மீட்டர் காட்டுவதே கசிவு.

கிளிப் வயர் எதற்கு என்று கேட்கலாம். நெகட்டிவ்வை நேரடியாகக் கழற்றி மீட்டரை மாட்டினால், சப்ளை போய் வந்ததும் எல்லாக் கணினிகளும் புதிதாக எழுந்துகொள்ளும். அது மட்டுமல்ல, தூங்க மறுத்து அடம்பிடித்த ஒரு கணினி அந்த அதிர்ச்சியில் சரியாகிவிடுவதும் உண்டு. அப்புறம் நீங்கள் அளக்கும்போது கசிவே இருக்காது. நாலு நாள் கழித்துத் திரும்பி வரும்.

டிசி கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இந்தக் கழற்றலே வேண்டாம், நெகட்டிவ் கேபிளைச் சுற்றிக் கவ்வினால் போதும். வாங்கும்போது டிசி ஆம்பியர் அளக்குமா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான கிளாம்ப் மீட்டர்கள் வீட்டு மின்சாரம் போன்ற ஏசி (மாறுதிசை) கரண்ட்டை மட்டுமே அளக்கும். ஒவ்வொரு முறையும் கவ்வுவதற்கு முன் பூஜ்யமாக்கும் பட்டனை அழுத்த வேண்டும்.

தூங்கும் வரை காத்திருங்கள்

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான். சாவியை எடுத்தவுடன் அளந்தால் 2, 3 ஆம்பியர்கூடக் காட்டும். 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று அங்கேயே ஃபியூஸ்களைப் பிடுங்க ஆரம்பிப்பார்கள். உண்மையில் வண்டி இன்னும் விழித்திருக்கிறது, அவ்வளவுதான். இன்றைய வண்டிகளில் பல கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன; பூட்டிய பிறகு ஒவ்வொன்றாக அணையும். சிலவற்றுக்குப் பத்து நிமிடம், சிலவற்றுக்கு நாற்பது நிமிடம், அரிதாக ஒரு மணி நேரம். பூட்டிய பிறகு கிளிப் வயரை எடுத்துவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எண் படிப்படியாக இறங்குவது தெரியும்: 2.4, 0.8, 0.25, 0.03. கடைசிப் படிக்கு வந்து அங்கேயே நின்றால் வண்டி ஆரோக்கியம். நடுவில் ஒரு படியில் சிக்கிக்கொண்டால் அதுதான் நாம் தேடுவது.

அலாரம் விளக்கு மினுங்கும்போது எண் சற்றே ஏறி இறங்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

சோதனை நடுவே வண்டியைத் திறக்கவோ பூட்டவோ வேண்டியிருந்தால் முதலில் கிளிப் வயரை மறுபடி கவ்வவிடுங்கள். கதவுப் பூட்டு மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக இயங்கும்போது மீட்டருக்குத் தாங்காது.

எண்ணிலேயே துப்பு இருக்கிறது

மீட்டர் காட்டும் அளவைப் பார்த்தே பாதி ஊகிக்கலாம். 0.15-லிருந்து 0.2 ஆம்பியர் வரை என்றால் ஒரு ரிலேயின் (கரண்ட்டால் இயங்கும் ஸ்விட்சின்) காயில், அதாவது உள்ளிருக்கும் கம்பிச்சுருள், அணையாமல் இருக்கலாம். 12 வோல்ட் ரிலேக்கள் எடுப்பது அந்த அளவுதான். 0.4 என்பது 5 வாட் பல்பு. 0.8 என்பது கூரையில் இருக்கும் 10 வாட் பல்பு. 1.7, 1.8 பக்கம் நின்றால் 21 வாட் பல்பு ஒன்று எரிகிறது. எல்இடி விளக்கு மாற்றிய வண்டிகளில் இந்தக் கணக்கு செல்லாது. அரை ஆம்பியர், முக்கால் ஆம்பியர் என்று நிலையில்லாமல் ஏறி இறங்கினால் ஏதோ ஒரு கணினி தூங்க மறுக்கிறது அல்லது வேறொன்று அதை எழுப்பிக்கொண்டே இருக்கிறது.

ஃபியூஸைப் பிடுங்காமல் கண்டுபிடிக்கலாம்

பழைய முறை, மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவது. பழைய வண்டிகளுக்கு அது இன்றும் நல்ல வழி. கணினிகள் நிறைந்த வண்டியில் ஒரு ஃபியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் அதன் கீழுள்ள கணினி எழுந்து, மற்றவற்றையும் எழுப்பிவிடும். மறுபடி ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

அதற்குப் பதிலாக, ஃபியூஸ் இருந்த இடத்தில் இருக்க, அதன் குறுக்கே உள்ள மில்லி வோல்ட்டை அளக்கலாம். ஃபியூஸ் என்பது சிறிய மின்தடை உள்ள கம்பி. அதன் வழியே கரண்ட் போனால் இரு முனைகளுக்கும் இடையே மிகச் சிறிய வோல்ட் வித்தியாசம் வரும். போகவில்லை என்றால் பூஜ்யம். பிளேடு ஃபியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும், இதற்காகவே விட்டிருப்பது.

இதற்கு இரண்டாவது மீட்டர் இருந்தால் வசதி. ஒன்றுதான் இருக்கிறது என்றால் கிளாம்ப்பைத் துருவத்தில் திரும்ப மாட்டி இறுக்கிவிட்டு (கிளிப் வயர் இருக்கும்போதே), அதே மீட்டரின் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றி, குமிழை டிசி 200 மில்லி வோல்ட்டுக்குத் திருப்புங்கள். துளையை மாற்ற மறந்து 10 ஆம்பியரிலேயே விட்டு ஃபியூஸ் மேல் வைத்தால் அளவு தவறாகத்தான் வரும். பேட்டரி முனைகளில் வைத்தாலோ பொறி பறக்கும்.

இரண்டு கூர்முனைகளையும் ஃபியூஸின் இரு புள்ளிகளில் அழுத்துங்கள். 0.0 என்றால் அடுத்த ஃபியூஸ். 10 ஆம்பியர் ஃபியூஸில் 1 மில்லி வோல்ட் காட்டினால் ஏறத்தாழ 130 மில்லி ஆம்பியர் போகிறது என்று பொருள். 15 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் அதே 1 மில்லி வோல்ட்டுக்கு 200, 20 ஆம்பியருக்கு 300, 30 ஆம்பியருக்கு 500. 5 ஆம்பியர் ஃபியூஸில் அது 60-ஐத் தாண்டாது. பெரிய ஃபியூஸில் தெரியும் அற்ப எண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது இதிலிருந்து புரியும். ஃபியூஸுக்கு ஃபியூஸ் கொஞ்சம் வேறுபடும் என்பதால் இவை தோராயம்தான். எந்த ஃபியூஸ் என்று காட்டிக்கொடுக்க இந்தத் துல்லியம் தாராளம்.

பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள பெட்டிக்குச் சப்ளை பெரும்பாலும் பானெட் பெட்டியின் ஒரு பெரிய ஃபியூஸ் வழியாகவே போகும். அந்தப் பெரியதில் எண் தெரிந்தால் தேடல் உள்ளே நகர்கிறது. முதுகில் புள்ளி இல்லாத பெட்டி வடிவ ஃபியூஸ்கள் சில இருக்கும், அவற்றை மட்டும் கடைசியாகப் பிடுங்கிப் பார்க்கலாம்.

ஃபியூஸ் கிடைத்ததும் மூடியின் உட்பக்கப் படத்தில் அதன் பெயரைப் பாருங்கள். ரூம் விளக்கு, டிக்கி விளக்கு, கடிகாரம், ரேடியோ எனப் பல ஒரே ஃபியூஸில் தொங்குவது வழக்கம். அந்த வரிசையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: முதலில் பல்பு, அடுத்து ரேடியோவின் பின் சாக்கெட், பிறகு மற்றவை. எதைக் கழற்றும்போது மில்லி வோல்ட் விழுகிறதோ அதுதான். அந்த லைனில் ரிலே இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். மற்ற ரிலேக்கள் குளிர்ந்திருக்க ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதன் காயிலுக்குச் சப்ளை போய்க்கொண்டிருக்கிறது. தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்ட ரிலே என்றால் காயில் குளிர்ந்தே இருக்கும், ஆனால் அது ஓட்டும் பொருள் ஓடிக்கொண்டிருக்கும். அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த ஃபியூஸிலும் இல்லை, ஆனால் கசிகிறது

எல்லா ஃபியூஸும் பூஜ்யம், பேட்டரியில் மட்டும் அரை ஆம்பியர். அப்படியானால் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேரே போகும் வழிகள்தான் மிச்சம். பாசிட்டிவ் டெர்மினலில் முறுக்கிய கூடுதல் வயர்களை முன்பே பார்த்தாகிவிட்டது. அடுத்தது டைனமோ.

டைனமோவுக்குள் இருக்கும் டயோடுகள் கரண்ட்டை ஒரே திசையில் விடுபவை. அவற்றில் ஒன்று பழுதானால் இரவில் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குள் திரும்பி ஓடும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், டைனமோவைத் தொட்டுப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற இன்ஜினில் அது மட்டும் சூடாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. உறுதிப்படுத்த, நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, டைனமோவின் பின்னால் நட்டு போட்டு இறுக்கிய தடித்த கேபிளை எடுத்து அதன் முனையை டேப்பால் நன்றாகச் சுற்றுங்கள். அது எப்போதும் உயிருள்ள கேபிள், உடம்பில் படக் கூடாது. மறுபடி மீட்டரை மாட்டி அளந்தால் கசிவு மறைந்திருக்கும். டயோடு பிளேட்டை மட்டும் மாற்றிக் கொடுக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். முழு டைனமோ வாங்கச் சொன்னால் இன்னொரு இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

அதற்கும் பிடிபடவில்லை என்றால் வயரிங்கைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூடிய ஷெட்டிலும் அடுக்குமாடி பேஸ்மென்ட்டிலும் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயர் சர்வசாதாரணம். பேட்டரி தட்டுக்குக் கீழே, இன்ஜினின் பின்பக்கச் சுவர் ஓரமாக, எலிப் புழுக்கை கிடக்கும் இடத்தைச் சுற்றித் தேடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் கால்மிதியைத் தூக்கிக் கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரம் ஊறிய சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தால் அங்கேயே நிறுத்தலாம்.

சில நாள் மட்டும் வரும் கசிவு

இதுதான் கடினமானது. நீங்கள் அளக்கும் நாளில் 30 மில்லி ஆம்பியர் காட்டும், வியாழக்கிழமை வண்டி படுத்துவிடும். இதற்குப் பேட்டரியில் மாட்டும் புளூடூத் வோல்ட் பதிவுக் கருவி உதவும். மணிக்கு மணி வோல்ட்டைப் போனில் வரைந்து காட்டும். கோடு சீராகச் சாய்ந்தால் நிலையான கசிவு. இரவு இரண்டு மணிக்குத் திடீரென்று சரிந்தால் ஏதோ விழித்திருக்கிறது. சாவி கார் அருகே உள்ள சுவரில் தொங்குகிறதா, கதவு ஸ்விட்ச் தேய்ந்து திறந்ததாகக் காட்டுகிறதா, ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் சரியாகப் 'பார்க்'கில் விழுகிறதா என்று பாருங்கள்.

காரணம் பிடிபடும் வரை நெகட்டிவ் முனையில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் போட்டுக்கொள்ளலாம். கடிகாரமும் ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி ஏற்றமும் ஒவ்வொரு முறையும் மறந்துபோகும், சில வண்டிகளில் ரேடியோ குறியீடு கேட்கும். நெகட்டிவ் துருவத்திலேயே சின்னப் பெட்டி போன்ற சென்சார் உள்ள வண்டிகளில், சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணையும் வகைகள் பெரும்பாலும் அப்படித்தான், சார்ஜரின் கறுப்பு கிளிப்பைத் துருவத்தில் கவ்வாமல் வண்டியின் உடம்பில் கவ்வ வேண்டும். அந்த வண்டிகளுக்குப் பேட்டரி மாற்றும்போதும் முன்பு இருந்த வகையையே போட வேண்டும். விலை குறைவென்று சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் கெடும்.

பழுது சரியானதும் அதே மீட்டர், அதே ஒரு மணி நேரக் காத்திருப்போடு இன்னொரு முறை அளந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியை முழுதாக ஏற்றி இரண்டு இரவு நிறுத்தியும் 12.5-க்குக் கீழே வராவிட்டால் வேலை முடிந்தது.

நீங்களே முடிக்க முடியாமல் எலக்ட்ரீஷியனிடம் விடுவதானால், 'பேட்டரி இறங்குது' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'பேட்டரியைத் தனியாக இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன், சார்ஜ் இறங்கவில்லை. பூட்டி ஒரு மணி நேரம் கழித்தும் 0.4 ஆம்பியர் போகிறது. இந்த ஃபியூஸில்தான்' என்று சொல்லி, மீட்டரைப் படமெடுத்ததையும் காட்டுங்கள். அவர் அங்கிருந்து ஆரம்பித்துக்கொள்வார்.